பாதிக் கட்டில்

டாக்கா, காஜிபாரா. நாலாம் மாடி மெஸ்ஸில்
ஆறு கட்டில், பதினோரு பேர்.
வாசலோரக் கட்டில் மட்டும் பசீர் மியாவுக்கு, முழுசாக.
வாடகை வாங்குகிறவர் அவர்தான்.

எனக்கு நான்காம் கட்டிலில் பகல் பாதி.
இரவெல்லாம் ஏடிஎம் ஒன்றுக்குக் காவல் நின்றுவிட்டு வருவேன்.
இரவுப் பாதி மொக்லேஸுடையது.
தையல் ஆலையில் காலர் தைப்பவன்.
ஏழரைக்கு அவன் இறங்குவான்,
ஏழே முக்காலுக்கு நான் ஏறுவேன்.
படிக்கட்டில் இடித்துக்கொண்டு போன தோள்களில்
ஒன்று அவனுடையதாக இருந்திருக்கலாம்.

இரண்டரை வருடம். முகம் பார்த்ததில்லை.

ஆனால் தெரியும்.
இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பான்,
பஞ்சு அங்கேதான் பள்ளம்.
தலைக்குக் கடுகெண்ணெய்.
போர்வையை நாலாக மடிப்பான், முனைக்கு முனை பிசகாது,
காலர் தைக்கிற கை அல்லவா.
குளிர்காலத்தில்
அவன் விட்டுப்போன சூடு கொஞ்சம்
அந்த மடிப்புக்குள் எனக்காக இருக்கும்.

ஒருமுறை தலையணை உறையில் ரத்தத்துளி.
ஊசி ஏறிய விரலாக இருக்கும்.
சுவர் ஆணியில் ஒரு பிளாஸ்திரி செருகி வைத்தேன்.
மறுநாள் அந்த இடத்துக்கு நேர் கீழே
ஒரு கொய்யா.

வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை.
அன்றைக்கும் நான் வரும்போது கட்டில் காலி.
நான் தூங்கட்டும் என்று
நாளெல்லாம் எங்கேயோ சுற்றிவிட்டு வருவான்.
செவ்வாய் இரவு எனக்கு விடுமுறை.
நான் சதர்காட் துறைக்குப் போய்
போலாவிலிருந்து வரும் லாஞ்சுகளைப் பார்த்தபடி
விடியும்வரை உட்கார்ந்திருப்பேன்.
நாங்கள் பேசி வைத்துக்கொண்டதில்லை இதை.

போன கார்த்திகையில் ஒரு காலை
போர்வை நான் மடித்துவைத்தபடியே கிடந்தது,
கோணலாக.
பஞ்சு சில்லென்றிருந்தது.
மறுநாளும்.
அதற்கு மறுநாளும்.

பசீர் மியா நோட்டைப் புரட்டினார்.
"மொக்லேஸுர். ஆள் வரலை. பாக்கி ஒண்ணும் இல்லை."
எப்படி இருப்பான் என்று கேட்டேன்.
கொஞ்சம் யோசித்தார்.
"எல்லாரையும் போலத்தான்."

ஷிப்ட் விடும் நேரம் ஆலை வாசலில் நின்றேன்.
இரண்டாயிரம் பேர் வெளியே வந்தார்கள்.
அத்தனை பேரையும் ஒருமுறை படுக்கவைத்தால்
கண்டுபிடித்துவிடுவேன்.
நிற்கிறவர்களில் எனக்கு ஆள் தெரியாது.

எள் போட்டால் கீழே விழாத ஊர் என்கிறார்கள்.
அப்படியென்றால் ஒரு ஆள்
எதற்குள் விழுந்தான்?

துலால் டீக்கடையில் ஒருவர் பேப்பரை உரக்கப் படித்தார்.
உலகத்திலேயே பெரிய ஊர் இப்போது ஜகார்த்தாவாம்,
இரண்டாவது நாமாம்,
டோக்கியோ மூன்றுக்கு இறங்கிவிட்டதாம்.
பெஞ்சில் ஒருவன் கைதட்டினான்,
மேட்ச் ஜெயித்ததுபோல.
மூன்றரைக் கோடிக்கும் மேலே என்றார் படித்தவர்.

"ஒண்ணு குறையுது" என்றேன்.

துலால் இன்னொரு டீ ஊற்றி
என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.
ஆடை படியும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை புது ஆள் வந்துவிட்டான்.
இவன் வலப்பக்கம் படுக்கிறவன்.
ஒரு வாரத்தில் பஞ்சில் இன்னொரு பள்ளம்,
நடுவில் ஒரு மேடு.
வரப்பில் படுத்தவன் மாதிரி
அதன் மேல் தூங்கப் பழகுகிறேன்.

முதல் வெள்ளிக்கிழமை.
ஏழே முக்காலுக்கு ஏறி வந்தால்
கட்டிலில் குறட்டை.
வாய் லேசாகத் திறந்திருக்கிறது,
மேலுதட்டில் இன்னும் சரியாக முளைக்காத மீசை.
இரண்டரை வருடத்தில்
அந்தத் தலையணையில் நான் பார்க்கும் முதல் முகம்.

எழுப்பவில்லை.
செருப்பைக் கழற்றாமலே படியிறங்கி
சதர்காட் பஸ்ஸைப் பிடித்தேன்.
நின்றபடியே கண் செருகியது.
யாரோ தோள் கொடுத்தார்கள்.
கடுகெண்ணெய் வாசனை.

இந்த ஊரில் பாதிப் பேர் தலையில் அந்த எண்ணெய்தான்.
தெரிந்தும்
திரும்பிப் பார்க்காமல் தூங்கினேன்.